எலும்பு கூடிவிட்டது, வலி ஏன் போகவில்லை?

டூவீலர் விபத்தில் கீழ்க்கால் முறிந்து உள்ளே ராடு வைத்துக்கொண்டவரின் ஐந்தாம் மாத எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நல்லா கூடியிருக்கு, இனி தாராளமா நடங்க" என்று மருத்துவர் அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்தவரால் மாடிப்படி இறங்க முடியவில்லை. சம்மணம் போட முடியவில்லை. ராத்திரி போர்வை பட்டாலே கால் எரிகிறது. "கூடின எலும்பு எப்படி வலிக்கும், எல்லாம் மனசுதான்" என்கிறார் ஒருவர். "உள்ளே ஏதோ சரியில்லை, காலை அசைக்காதே" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

விபத்துக்குப் பிந்தைய பிசியோதெரபியில் நடக்கும் குளறுபடிகளில் பாதி, ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை. இப்போது இருக்கும் வலி காயம் இன்னும் ஆறவில்லை என்று சொல்கிறதா? அல்லது காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அடித்துக்கொண்டிருக்கும் மணியா? முதல் வலிக்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டாவதற்குக் கட்டுப்பட்டுப் படுத்தால் அந்த மணி இன்னும் உரக்க அடிக்கும். முதல் ஆறு வாரத்தில் சரியாக இருந்த அறிவுரை, ஆறாவது மாதத்தில் அதே ஆளை முடக்கிப்போடும்.

ஆறுவதற்கு ஆகும் நாள்கள்

உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் காலக்கணக்கு உண்டு. தையல் போட்ட தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். மணிக்கட்டு எலும்புக்கு ஏறக்குறைய 6 வாரம். கீழ்க்கால் எலும்பின் நடுப்பகுதிக்கு 16 முதல் 20 வாரம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் நீளும். முழங்கால் ஜவ்வு கிழிந்து புது ஜவ்வு வைத்துத் தைத்தவர் மறுபடி விளையாடப் போக 9 மாதமாவது ஆக வேண்டும். அறுந்த நரம்பு வளரும் வேகம் நாளுக்கு 1 மில்லிமீட்டர். கெடுவதில் மட்டும் எல்லோரையும் முந்துவது தசை. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தாலே தொடையின் முன்பக்கத் தசை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வற்றிவிடும். இரண்டு வாரத்தில் போனதை மீட்க இரண்டு, மூன்று மாத உழைப்பு தேவைப்படும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். திசு சேதம் இல்லாமலும், அது இருப்பதுபோன்ற உணர்வாக வலி வரலாம் என்பதைப் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையிலேயே சேர்த்துவிட்டது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. வலி நிஜம், அது காட்டும் சேதம்தான் அங்கே இல்லாமல் இருக்கலாம்.

முழங்காலும் தலையணையும்

தொடை எலும்போ முழங்கால் மூட்டுப் பக்கமோ முறிந்தவர்களுக்கு வீட்டில் பாசத்தோடு செய்யப்படும் முதல் தவறு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. மடங்கிய முழங்காலுக்குள் அழுத்தம் குறைவதால் அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வாரம் அப்படியே கிடந்தால் பின்பக்கத் தசையும் மூட்டு உறையும் சுருங்கி, கால் 10, 15 டிகிரி மடங்கிய நிலையிலேயே நின்றுபோகும். முழுதாக நீளாத காலுடன் நடப்பவர் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசையை இறுக்கிப் பிடித்தபடியே நடக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் களைத்துப்போவார், இடுப்பும் முதுகும் வலிக்கத் தொடங்கும். சுருட்டிய துண்டை வைக்க வேண்டிய இடம் குதிகாலுக்கு அடியில். முழங்கால் தன் எடையால் தானே கீழே இறங்கி நீளட்டும். 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை.

இதோடு சேர்ந்தது தொடையை இறுக்கும் பயிற்சி. பயிற்சியின்போது மட்டும் முழங்காலுக்கு அடியில் சின்னத் துண்டுச் சுருளை வைத்து அதைக் கட்டிலோடு அழுத்தி, 5 முதல் 10 விநாடி பிடித்துவிட்டுத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 முதல் 15 முறை. அழுத்தும்போது முழங்கால் சில்லு மேல்நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சில்லு நகராமல் பிட்டத்தை மட்டும் இறுக்கிக்கொண்டிருந்தால் அது கணக்கில் சேராது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை கணுக்காலை 20, 30 முறை மேலும் கீழும் அசைப்பது கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமலிருக்க.

அடுத்தது மடக்குவது. எவ்வளவு மடங்கினால் போதும் என்பது அவரவர் வாழ்க்கையைப் பொறுத்தது. சமதரையில் நடக்க 60, 65 டிகிரி. படி ஏற 80 முதல் 85. இறங்க 90 முதல் 100. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க 95 முதல் 105. குத்தவைத்து உட்கார 130க்கு மேல் வேண்டும். நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உள்ள ஊர்களில் 110 டிகிரி கிடைத்ததும் "வெற்றி" என்று எழுதி முடித்துவிடலாம். இந்தியன் டாய்லெட் உள்ள வீட்டுக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும், தரையில் உட்கார்ந்து பூ கட்டுகிறவருக்கும் 110 பாதி வழிதான். ஆகவே முதல் நாளே பிசியோதெரபிஸ்ட் கேட்க வேண்டியது "எங்கே வலிக்குது" என்பதோடு "வீட்ல பாத்ரூம் எப்படி, என்ன வேலை செய்யறீங்க" என்பதும். கோணமானி வைத்து அளந்து, தேதி போட்டு எழுதாத எந்தச் சிகிச்சையும் குத்துமதிப்புதான்.

காலை எப்போது ஊன்றலாம் என்பதைத் தீர்மானிப்பது எலும்பு மருத்துவர். எப்படி ஊன்றுவது என்பது பிசியோவின் வேலை. எலும்பின் நடுப்பகுதி முறிந்து ராடு போட்டவர் பெரும்பாலும் சீக்கிரமே ஊன்றலாம். முழங்கால் மூட்டுப் பரப்பே நொறுங்கிப் பிளேட் போட்டவர் 6 முதல் 12 வாரம் வரை எடை போடக் கூடாது. "20 கிலோ வரைக்கும் போடலாம்" என்று சீட்டில் எழுதியிருந்தால், 20 கிலோ எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது. வீட்டு எடை மெஷினையும் அதே உயரத்துக்கு ஒரு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்ல காலைப் பலகையிலும் அடிபட்ட காலை மெஷினிலும் வைத்து, முள் 20ஐத் தொடும்வரை அழுத்திப் பழகினால் இரண்டு நாளில் கால் அந்த அளவை மனப்பாடம் செய்துகொள்ளும். கக்கத்துக் கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் கை நரம்பு அழுந்தி மணிக்கட்டு தூக்க முடியாமல் விழுந்துவிடும். ஒற்றை ஊன்றுகோல் என்றால் நல்ல கால் பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே.

எண்ணெய் போட்டு நீவுவது

நம் ஊரில் பிசியோவுக்கு முன்பே வந்துவிடுகிறவர் எண்ணெய்க்காரர். ஆறிய தசையை மெல்ல நீவிவிடுவதில் குறையொன்றும் இல்லை. புதிதாக அடிபட்ட முழங்கையை நீவுவதும், இழுத்து மடக்குவதும் வேறு விஷயம். முழங்கையை ஒட்டியுள்ள தசைக்குள் ரத்தம் கட்டியிருக்கும் நேரத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால், அந்த ரத்தக்கட்டிலேயே எலும்பு படியும். தசை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு முளைத்து மூட்டைப் பூட்டிவிடும். கை வாய்க்குப் போக முழங்கை ஏறக்குறைய 130 டிகிரி மடங்க வேண்டும். 70இல் பூட்டிக்கொண்ட கையால் ஒரு கவளம் சோறு எடுத்து உண்ண முடியாது. முழங்கைக்கு விதி எளிது: நோயாளி தானே அசைக்கும் அளவுக்குத்தான் அசைவு, மற்றவர் கை அதில் கூடாது.

இறுக்கமான மூங்கில் கட்டு இன்னொரு ஆபத்து. கட்டுக்குள் வீக்கம் ஏற ஏற, தசைக்குப் போகும் ரத்தம் நின்றுபோகும். விரலை நீட்டினால் உயிர் போகும் வலி, மரப்பு, வெளிறிய விரல் நுனி ஆகியவை தெரிந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. கட்டை உடனே பிரித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆறு மணி நேரம் தாண்டிய தசையை எந்தப் பிசியோவாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. நகம்போல் மடங்கி நின்ற விரல்களை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடலாம், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால், வலுக்கட்டாயமாக மடக்குவது எண்ணெய்க்காரரின் தனிச்சொத்தும் அல்ல. "கத்தினாலும் விடாம மடக்கினாதான் சரியாகும்" என்று நம்பும் பிசியோதெரபிஸ்டுகளும் உண்டு. நோயாளி பயந்து தசையை இறுக்குவார். இறுகிய தசையை எதிர்த்து மடக்கினால் மூட்டு வீங்கும். அடுத்த நாள் 5 டிகிரி குறைந்திருக்கும். வாரக்கணக்கில் இப்படி இழுபறியாகவே போகும்.

வலி மட்டும் மிஞ்சும்போது

நான்கு மாதம் கடந்து, எலும்பு கூடி, சீழோ ராடு தளர்வோ இல்லை என்று பார்த்தாயிற்று. இன்னும் வலிக்கிறது. தண்டுவடத்திலும் மூளையிலும் வலியைக் கடத்தும் செல்கள் மாதக்கணக்கில் தூண்டப்பட்டு, சின்னத் தொடுதலுக்கும் பெரிதாகப் பதில் சொல்லப் பழகியிருக்கின்றன. தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாயிற்கதவு உண்டு என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்த கருத்து நுணுக்கங்களில் பிற்பாடு மாறியிருக்கிறது. கதவு திறப்பதிலும் மூடுவதிலும் தூக்கமின்மை, பயம், வருமானம் நின்ற கவலை எல்லாவற்றுக்கும் பங்குண்டு என்ற அதன் சாரம் மாறவில்லை.

இந்தக் கட்டத்தில் பலர் சிக்குவது ஒரு சுழலில். வலி குறைந்த நாளில் விட்ட வேலையையெல்லாம் சேர்த்துச் செய்வார்கள்: தண்ணீர்க் குடம், மாடித் துணி, கடைத்தெரு. அடுத்த இரண்டு நாள் படுக்கை. மூன்றாம் நாள் "நமக்கு நடையே ஒத்துக்கலை" என்று முடிவு கட்டுவார்கள். நடை ஒத்துக்கொள்ளும், ஒத்துக்கொள்ளாதது அளவு.

அளவை இப்படிப் பிடிக்கலாம். மூன்று நாள், வலி ஏறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 12, 8, 10 என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 நிமிடம், தொடக்க அளவு. நல்ல நாளிலும் 8, கெட்ட நாளிலும் 8. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும், வலியைப் பார்த்து அல்ல. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு நிமிடம், கூட்டலாம். நல்ல நாளில் 8 நிமிடத்தோடு நிறுத்தச் சொன்னால்தான் பெரும்பாலானவர்களுக்குக் கோபம் வரும். கெட்ட நாளில் நடக்கச் சொல்வதைவிட அதுவே கடினம்.

பயிற்சியின்போது 10க்கு 3, 4 வரை வலி இருக்கலாம். மறுநாள் காலையில் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் அளவு சரி. இரண்டு புள்ளி கூடியிருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ அளவை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். முழுசாக நிறுத்தக் கூடாது. கால் பலத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே போதுமான தொடக்கம்: இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலியில் 8 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தலையணையாக எடுத்துவிடலாம். பின்பக்கம் வண்டி மோதிக் கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் இழுபட்டவருக்கும் இதே கணக்குதான். எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பிறகும் மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை (காலர்) மாட்டிக்கொண்டிருந்தால் கழுத்துத் தசை சோம்பி, வலி நிலைத்துவிடும்.

கண்ணாடிக்குள் இன்னொரு கை

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு பிரித்த சிலருக்கு, வந்த காயத்துக்குப் பொருந்தாத கடும் எரிச்சல் தொடங்கும். கை வீங்கும், பளபளக்கும், ஒரு நேரம் சிவந்து சுடும், இன்னொரு நேரம் நீலம் பாரித்துக் குளிரும். அந்தக் கை மட்டும் வியர்க்கும். முடியும் நகமும் வேறுமாதிரி வளரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டவர்களிடம் இத்தகைய எரிச்சலை மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1864இலேயே விவரித்திருக்கிறார். கூட்டு மண்டல வலி நோய்த்தொகுதி என்பது இன்றைய பெயர். இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. தொடு உணர்வு, நிறமும் வெப்பமும், வீக்கமும் வியர்வையும், அசைவும் நகமும் முடியும் என்ற நான்கு வகைகளில் மூன்றில் நோயாளி சொல்லும் தொந்தரவும், இரண்டிலாவது பரிசோதிப்பவர் கண்ணில் படும் அறிகுறியும் இருக்க வேண்டும். வேறு காரணம் இருக்கக் கூடாது.

இங்கே இழுத்து மடக்குவது நெருப்பில் எண்ணெய். நோயாளியின் மூளையில் அந்தக் கையின் வரைபடமே மங்கியிருக்கிறது. அதனால் வேலை மூளையிலிருந்து தொடங்குகிறது. முதல் இரண்டு வாரம் கைப் படங்களைக் காட்டி இடதா வலதா என்று சொல்லவைப்பது. அடுத்த இரண்டு வாரம் கையை அசைக்காமல் அசைப்பதாகக் கற்பனை மட்டும். அதற்கடுத்த இரண்டு வாரம் கண்ணாடி: நெஞ்சுக்கு நேரே கண்ணாடியை நிறுத்தி, வலிக்கும் கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்ப்பது. 5 நிமிடம், நாளுக்குப் பல தடவை. வலிக்கும் கை வலியில்லாமல் அசைவதாக மூளை காண்கிறது. இந்தக் கண்ணாடி உத்தியை 1990களில், வெட்டியெடுக்கப்பட்ட கையில் வலி உணர்ந்தவர்களுக்காக முதலில் கொண்டுவந்தவர் மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அசைவு திரும்பத் தொடங்கியதும் தொடு உணர்வுக்குப் பயிற்சி: பட்டு, பருத்தி, டர்க்கி டவல், சாக்கு என்ற வரிசையில் 5 நிமிடம் தடவுவது, பிறகு கேழ்வரகு, அரிசி, கொண்டைக்கடலை நிறைத்த பாத்திரங்களில் கையை விட்டு அளைவது.

பைக்கிலிருந்து தோள் தரையில் மோதி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள நரம்புக் கற்றை இழுபட்டவர்களின் கதை இன்னும் நீளம். கழுத்திலிருந்து மேற்கைத் தசைக்கு 30 சென்டிமீட்டர் என்றால், நாளுக்கு 1 மில்லிமீட்டர் கணக்கில் பத்து மாதம். நரம்பு வந்து சேராமல் 12 முதல் 18 மாதம் போனால் தசை அதை ஏற்காது. கை தூக்க வரவில்லை என்றால் "தானா சரியாகும்" என்று ஒரு வருஷம் கரண்ட் வைத்துக்கொண்டிருப்பதுதான் மிக விலையுயர்ந்த தவறு. மூன்று மாதத்தில் அசைவு தெரியாவிட்டால் நரம்பு அறுவை நிபுணரைப் பார்த்தாக வேண்டும். காத்திருக்கும் காலத்தில் பிசியோவின் பணி, தோளும் விரல் கணுக்களும் இறுகாமல் வைத்திருப்பது. உணர்வில்லாத தோலை டீ டம்ளரும் அடுப்பும் சைலன்சரும் சுடாமல் காப்பாற்றப் பழக்குவது.

கரண்ட் வைப்பது

பிசியோதெரபி என்றாலே நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்றாகிவிட்டது. பத்து நாள் பேக்கேஜ், தினம் அரைமணி மெஷின், ஐந்து நிமிடம் பயிற்சி. மெஷின் வலியைச் சிறிது நேரம் மட்டுப்படுத்தும். அந்த இடைவெளியில் அசையவைத்தால் பயன் உண்டு. மெஷின் மட்டுமே சிகிச்சை என்றால் பத்தாம் நாள் மாலை முதல் நாளின் காலைதான். எந்தச் சிகிச்சை தகும் என்று பிரிட்டனில் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2021 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு காரணம் காண முடியாத நாள்பட்ட வலிக்கு டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் என்ற இரண்டு மின்தூண்டல் முறைகளையும், ஒலியலை செலுத்தும் அல்ட்ராசவுண்டையும் தர வேண்டாம் என்றது; மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. உள்ளே ராடோ பிளேட்டோ இருக்கும் இடத்தில் மின்காந்த அலையால் சூடேற்றும் ஷார்ட்வேவ் வைக்கவே கூடாது. உலோகம் சூடேறிச் சுற்றியுள்ள திசுவைச் சுடும். மரத்துப்போன தோலில் மெழுகு ஒத்தடமும் சுடுநீர்ப் பையும் அப்படியே.

சிகிச்சையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய சில அறிகுறிகளைப் பிசியோவும் வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், தையலில் நீர் கசிவோடு காய்ச்சல். முதுகில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழ் மரத்து, சிறுநீர் அடைபட்டால் அன்றைக்கே.

வேலூர் சிஎம்சியில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது 1966இல். அத்தனை பழைய மரபு இருந்தும், விபத்துச் சிகிச்சை என்றால் ஆம்புலன்ஸும் ஆபரேஷனும்தான் இன்றும் நினைவுக்கு வருகின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கச் செய்தது. எத்தனையோ உயிர் அதில் பிழைக்கிறது. பிழைத்தவரின் 49ஆவது மணி நேரத்திலிருந்து பதினெட்டாவது மாதம் வரைக்குமான பிசியோ பெரும்பாலும் அவரவர் கைக்காசு. ஒரு வேளை போய்வர ஆட்டோ வாடகையே சிகிச்சைக் கட்டணத்தைத் தாண்டும் ஊர்கள் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியையும் உள்ளடக்கியது. நடமாட முடியாதவர் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்து கேட்கலாம். வருகிறவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்ஸ்ரே, எத்தனை கிலோ ஊன்றலாம் என்று மருத்துவர் எழுதிய சீட்டு, இதுவரை அளந்த டிகிரிக் கணக்கு நான்கையும் காட்ட வேண்டும். சீட்டில் ஊன்றும் அளவு எழுதப்படாமலிருந்தால், முதல் வேலை மருத்துவரிடம் திரும்பிப் போய் அதை எழுதி வாங்குவது.